உள்நாட்டு விமானத்தில் கூடுதல் விலை இருக்கை: நோயாளிக்கு அதனால் பயன் உண்டா?

மும்பைக்கோ தில்லிக்கோ மருத்துவத்திற்காகச் செல்லவிருக்கும் குடும்பத்தார் பயணத்திற்கு முன் என்னிடம் வந்து, எந்த மருந்தை எடுத்துச் செல்ல வேண்டும், எந்த அறிக்கையைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். அண்மைக் காலமாக அவற்றோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "டாக்டர், அப்பாவுக்குப் பிரீமியம் எகானமி எடுக்கட்டுமா? கொஞ்சம் பணம் கூடுதல்தான். ஆனால் கால் நீட்டி உட்காரலாமாம், இரத்தம் உறையாதாம்" என்கிறார்கள். வெளிநாட்டில் பணிபுரியும் மகனோ மகளோ தொலைபேசியில் கேட்பதும் உண்டு.

நம் தேங்காய்ப்பட்டணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வளைகுடா நாடுகளுக்குச் சென்று பொருளீட்டுவோர் இல்லாத தெரு அரிது. பெற்றோரின் அருகில் இருக்க இயலாதவர்கள், இயன்றதில் மிக நல்லதை அவர்களுக்கு வாங்கிக் கொடுக்க விரும்புகிறார்கள். அந்த விருப்பத்தை நான் மதிக்கிறேன். எனினும் மருத்துவன் என்ற முறையில், அந்தக் கூடுதல் பணம் உடலுக்கு என்ன தருகிறது, என்ன தரவில்லை என்பதை விளக்கிச் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

முதலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். குடற்புற்றுநோய்க்கு மும்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதியவர் ஒருவர், மருத்துவர்களின் அனுமதியோடு ஊர் திரும்பினார். மகன் அவருக்குப் பிரீமியம் எகானமியில் இடம் வாங்கியிருந்தார். உடன் வந்த தாயாருக்குச் சாதாரண எகானமியில், பதினைந்து வரிசைகளுக்குப் பின்னால் இடம். "எனக்கு என்ன நோய்? எனக்கு எதற்கு அவ்வளவு பணம்?" என்று அந்த அம்மையாரே மறுத்துவிட்டாராம். பெரியவருக்கு ஜன்னலோர இருக்கை. அருகில் இருந்த இருவரும் உறங்கிவிட்டனர். அவர்களை எழுப்பக் கூச்சப்பட்டு அவர் எழவே இல்லை. எழ வேண்டி வருமே என்று தண்ணீரும் குடிக்கவில்லை. திருவனந்தபுரத்தில் இறங்கி, வழியில் எங்கும் நிற்காமல் காரில் வீடு வந்து சேர்ந்தார். மூன்றாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கி எங்களிடம் வந்தார். ஸ்கேன் செய்தபோது ஆழ்சிரையில் இரத்தக் கட்டி இருந்தது. பல மாதங்கள் இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொண்டு நலம் பெற்றார்.

அந்தக் கட்டி விமானத்தால் வந்தது என்று நான் கூறமாட்டேன். புற்றுநோயும் பெரிய அறுவை சிகிச்சையும் தாமாகவே இரத்தம் உறையும் தன்மையை மிகுவிப்பவை; வீட்டிலேயே இருந்திருந்தாலும் அவருக்கு அது வந்திருக்கக்கூடும். ஆனால் ஒன்றைக் கூறலாம். அதிக விலை கொடுத்து வாங்கிய இருக்கை, அவருக்கு மிகவும் தேவைப்பட்ட ஒருவரை அவரிடமிருந்து பதினைந்து வரிசை தள்ளி உட்கார வைத்தது.

இருக்கையில் உண்மையில் என்ன வேறுபாடு?

நெடுந்தூரப் பன்னாட்டு விமானங்களில் பிரீமியம் எகானமி என்ற வகுப்பு 1990களின் தொடக்கத்தில் தோன்றியது. தைவானின் ஈவா ஏர், பிரிட்டனின் விர்ஜின் அட்லாண்டிக் ஆகியவை இதில் முன்னோடிகள். நம் நாட்டில் உள்நாட்டுப் பயணத்திற்கு அதனைக் கொண்டுவந்தது, 2015 ஜனவரியில் பறக்கத் தொடங்கிய விஸ்தாரா. அந்நிறுவனம் 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவுடன் இணைந்தது. இன்று ஏர் இந்தியாவின் பல உள்நாட்டு விமானங்களில் இவ்வகுப்பு உள்ளது. இண்டிகோ போன்ற நிறுவனங்கள் தனி வகுப்பு என்றில்லாமல், கால் வைக்கக் கூடுதல் இடமுள்ள சில வரிசைகளைத் தனிக் கட்டணத்திற்கு விற்கின்றன. எல்லா வழித்தடங்களிலும் எல்லா விமானங்களிலும் இவை கிடைப்பதில்லை.

பன்னாட்டு விமானத்தில் இவ்வகுப்பில் அமர்ந்து பழகிய பிள்ளைகள், உள்நாட்டு விமானத்திலும் அதே இருக்கை கிடைக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். அங்கே அகலமான விமானம், இருக்கையும் அகலம், ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளி வரையுள்ள தூரம் ஏறத்தாழ 38 அங்குலம். இங்கே ஒற்றை நடைவழி கொண்ட சிறிய விமானம். நடைவழிக்கு இரு புறமும் மும்மூன்று இருக்கைகள். இந்த வரிசையமைப்பு எகானமியிலும் பிரீமியம் எகானமியிலும் ஒன்றே. ஆகவே இருக்கையின் அகலமும் ஏறக்குறைய ஒன்றே, 17 அல்லது 18 அங்குலம். மாறுவது முன்பின் தூரம் மட்டும். சாதாரண எகானமியில் அது 28 முதல் 30 அங்குலம். பிரீமியம் எகானமியில் 32 அல்லது 33 அங்குலம். கூடுதலாகக் கிடைப்பது நான்கு விரற்கடை அளவு என்று கொள்ளலாம். சற்றுக் கூடுதலாகச் சாயலாம்; உணவு உண்டு; பயணப் பொதி அளவிலும் ஏறும் வரிசையிலும் சலுகை உண்டு.

வரியையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் எகானமி பயணச்சீட்டுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 சதவீதம். எகானமி அல்லாத வகுப்புகளுக்கு 18 சதவீதம்.

இரத்தக் கட்டியும் இருக்கையும்

கூடுதல் விலைக்குக் காரணமாகக் குடும்பத்தார் சொல்வது இந்த அச்சத்தைத்தான். ஆகவே இதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

காலிலிருந்து இரத்தம் இதயத்திற்கு மேலேறிச் செல்ல வேண்டும். அதற்குத் துணை செய்வது கெண்டைக்கால் தசை. நாம் நடக்கும்போது அத்தசை சுருங்கிச் சுருங்கி, உள்ளே இருக்கும் ஆழ்சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்தால் இந்த இயக்கம் நின்றுவிடுகிறது. முழங்கால் மடங்கியிருப்பதால் அதன் பின்புறச் சிரை நெளிகிறது. இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்தினால் ஓட்டம் மேலும் தடைபடுகிறது. தேங்கிய இரத்தம் சிலருக்கு உறைகிறது. உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

இதற்கும் விமானத்திற்கும் தொடர்பு ஏற்பட்டது பிற்காலத்தில்தான். 1940ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் குண்டுவீச்சுக்கு அஞ்சி மக்கள் இரவு முழுவதும் பதுங்கிடங்களில் தங்கினர். அங்கே பலர் கித்தான் துணி கட்டிய மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே உறங்கினர். அவர்களுள் சிலர் காலையில் எழுந்து நடந்தவுடன் நுரையீரல் தமனி அடைப்பால் இறந்தனர். கீத் சிம்சன் என்ற தடயவியல் மருத்துவர் இதனைக் கவனித்து, அந்நாற்காலியின் முன்பக்க மரச்சட்டம் தொடைச் சிரைகளை அழுத்தியதே காரணம் என்று எழுதினார். படுத்துறங்கக் கட்டில் அடுக்குகள் தேவை என்பது அதன்பின் உணரப்பட்டது. நம் வீட்டுத் திண்ணையில் கிடக்கும் கித்தான் நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் செய்தி நினைவுக்கு வரும். 1954இல் ஜான் ஹோமன்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், நெடுநேரம் உட்கார்ந்தவர்களுக்கு வந்த இரத்தக் கட்டிகளைப் பற்றி எழுதியபோது, விமானப் பயணிகளும் அதில் இடம்பெற்றனர். 1970களின் பிற்பகுதியில் 'எகானமி வகுப்பு நோய்க்குறி' என்ற பெயர் தோன்றி நாளிதழ்கள் வரை பரவியது.

அந்தப் பெயர்தான் பிற்காலக் குழப்பத்திற்கு வித்திட்டது. மலிவான இருக்கையில் உட்கார்ந்தால் நோய் வரும், விலையுயர்ந்த இருக்கை காக்கும் என்று மக்கள் பொருள் கொண்டனர். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு முடிவு வேறுவிதமாக இருந்தது. நான்கு மணி நேரமும் அதற்கு மேலும் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கட்டி ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. விமானம், தொடர்வண்டி, பேருந்து, கார் எதுவாயினும் இது பொருந்தும். எனினும் நல்ல உடல்நலம் உள்ளவர்களில் அது 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவில்தான் உள்ளது. அமெரிக்க மார்புநோய் மருத்துவர்கள் கல்லூரி 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எகானமி வகுப்பில் செல்வதே கட்டிக்குக் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று கூறியது. அதே வழிகாட்டுதல் ஜன்னலோர இருக்கையை மட்டும் தனியே சுட்டிக்காட்டியது. காரணம் எளிது. ஜன்னலோரம் அமர்ந்தவர் எழுந்து நடப்பது குறைவு. நம் பெரியவருக்கு நேர்ந்ததும் அதுவே.

திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம், மும்பைக்கு இரண்டே கால், தில்லிக்கு மூன்றரைக்குள். எதுவும் நான்கு மணி நேரத்தைத் தொடுவதில்லை. ஆனால் பயணம் விமானத்தில் தொடங்கி விமானத்தில் முடிவதில்லையே. மும்பை பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனைக்குச் செல்லும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இங்கிருந்து காரில் மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியே விமான நிலையம் செல்ல, நெரிசலையும் சேர்த்து, இரண்டு மணி நேரம். அங்கே காத்திருப்பு இரண்டு மணி நேரம். விமானத்தில் இரண்டே கால். இறங்கிப் பொதியை எடுக்க முக்கால். மும்பைச் சாலையில் ஒரு மணி நேரம் அல்லது அதற்கு மேல். மொத்தம் எட்டு மணி நேரத்தில் இருக்கை மாற்றத்தால் பயன் பெறுவது இரண்டே கால் மணி நேரம் மட்டுமே. நெய்யாற்றின்கரையில் வண்டியை நிறுத்தி, ஒரு சாயா குடித்துவிட்டுப் பத்து நிமிடம் நடந்தால் கால் சிரைகளுக்கு அதைவிட மிகுதியான நன்மை கிடைக்கும். அதற்கு ஆகும் செலவு சாயாவின் விலைதான்.

இங்கே இன்னொரு செய்தி. உயரம் 190 செ.மீ.க்கு மேற்பட்டவர்களுக்கும் 160 செ.மீ.க்குக் குறைந்தவர்களுக்கும் விமானப் பயணத்தில் கட்டி ஏற்படும் வாய்ப்புக் கூடுதல் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் முடிவுகளில் ஒன்று. நெட்டையர் செய்தி எவருக்கும் வியப்பளிக்காது. குட்டையர் செய்திதான் நமக்கு முக்கியம். நம் தாய்மார்களில் பெரும்பாலோர் 160 செ.மீ.க்குக் குறைந்தவர்கள். விமான இருக்கையில் அமர்ந்தால் அவர்களுடைய பாதம் தரையில் முழுமையாகப் படிவதில்லை. தொடையின் பாரம் முழுவதும் இருக்கை விளிம்பின்மேல் விழுகிறது. இவர்களுக்கு முன்னால் நான்கு விரற்கடை இடம் கூட்டிக் கொடுத்து என்ன பயன்? தேவை முன்பக்க இடம் அன்று. பாதத்திற்கு அடியில் ஒரு மேடை. விமானம் மேலேறி, இருக்கைப் பட்டி விளக்கு அணைந்தபின், சிறிய கைப்பையைப் பாதத்திற்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கத் தொடங்கும்போது அதனை மீண்டும் முன் இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

பணத்தால் வாங்க இயலாதது

விமானம் உயரே பறக்கும்போது அறையின் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல் இருப்பதில்லை. ஏறத்தாழ 8,000 அடி, அதாவது 2,440 மீட்டர் உயர மலையில் இருப்பதற்கு ஒப்பாகும் வரை அது குறையலாம். உதகமண்டலம் 2,240 மீட்டர். கடல்மட்டத்தில் வாழும் நாம் அரை மணி நேரத்தில் உதகையைவிடச் சற்று உயரத்திற்கு ஏற்றப்படுகிறோம். முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் அதே காற்றுதான்.

ஆகவே மூச்சிரைப்பு நோய், இதயச் செயலிழப்பு, கடும் இரத்தசோகை உள்ளோர் இருக்கையைப் பற்றி எண்ணுமுன் ஆக்சிஜனைப் பற்றி எண்ண வேண்டும். ஓய்வாக இருக்கையில் விரல்நுனிக் கருவி 95க்கு மேல் காட்டுமாயின் பெரும்பாலும் கவலையில்லை. 92க்குக் கீழ் காட்டினால் விமானத்தில் ஆக்சிஜன் ஏற்பாடு தேவைப்படும். இரண்டுக்கும் இடைப்பட்டவர்களைப் பரிசோதித்தே முடிவு செய்ய வேண்டும். வீட்டில் உள்ள சிலிண்டரை விமானத்தில் ஏற்ற அனுமதி கிடையாது. மின்கலத்தில் இயங்கும் சிறிய ஆக்சிஜன் செறிவூட்டியை, விமான நிறுவனத்தின் முன் ஒப்புதலோடு கொண்டு செல்லலாம். அதற்குரிய மருத்துவப் படிவத்தை நாங்கள் நிரப்பித் தருவோம். வேதிச்சிகிச்சை பெறுவோர் ஹீமோகுளோபின் அளவைப் பயணத்திற்குச் சில நாள் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். 8க்குக் கீழிருந்தால் எங்களைப் பார்க்காமல் புறப்பட வேண்டாம்.

குறைந்த அழுத்தத்தில் காற்று விரிவடையும். விழித்திரை அறுவையின்போது கண்ணுக்குள் வாயுக் குமிழி வைக்கப்பட்டவர்கள், அது முற்றும் கரைந்துவிட்டது என்று கண் மருத்துவர் சொல்லும் வரை எந்த வகுப்பிலும் விமானம் ஏறலாகாது, பார்வையே போய்விடக்கூடும். அண்மையில் நுரையீரல் உறையில் காற்றுக் கசிந்தவர்களும் வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களும் நாள் கேட்டே புறப்பட வேண்டும். கை, கால் முறிவுக்கு முழு மாவுக்கட்டுப் போட்டவர்கள் குறைந்தது இரண்டு நாள் பொறுப்பது நன்று. கட்டுக்குள் அடைபட்ட காற்றும் காலின் வீக்கமும் சேர்ந்து நெருக்கும்.

சலுகைகள் சில, நோயாளிக்குப் பயன்படாதவை

முன்னுரிமையோடு ஏறலாம், விரைவில் இறங்கலாம் என்பது பிரீமியம் எகானமியின் கவர்ச்சிகளுள் ஒன்று. சக்கர நாற்காலியில் செல்பவர் எவ்வகுப்பாயினும் பொதுவாக முதலில் ஏற்றப்பட்டு, கடைசியில் இறக்கப்படுவார். எல்லோரும் இறங்கிச் செல்லும் வரை அமர்ந்திருப்பவருக்கு முன்வரிசையால் என்ன இலாபம்?

கழிப்பறையைப் பற்றி எவரும் கேட்பதில்லை. ஆனால் நீர் பிரியும் மாத்திரை உண்பவர்களுக்கும் புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கும் பயணத்தின் பாதிக் கவலை அதுதான். உள்நாட்டு விமானங்களில் முன்பக்கக் கழிப்பறை பெரும்பாலும் பிசினஸ் வகுப்பாருக்கானது. மற்றவர்களுக்கு உரியவை வால்பக்கத்தில் உள்ளன. பிரீமியம் எகானமியில் இருப்பவர், விமானத்தின் நீளத்தில் பெரும்பகுதியை நடந்து கடக்க வேண்டும். சாதாரண எகானமியில், பின்பக்கம், நடைவழி ஓரம் அமர்ந்தவருக்கு நாலடி தூரம். வழியில் எழ வேண்டுமே என்று காலையில் நீர் மாத்திரையை விட்டுவிட்டுப் பயணம் செய்து, மறுநாள் நுரையீரலில் நீர் கோத்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரையை நிறுத்தாதீர்கள். நேரத்தை மாற்றி உண்ணலாமா என்று எங்களைக் கேளுங்கள்.

அவசர வழி அருகிலுள்ள வரிசையில் கால் நீட்டத் தாராளமாக இடமுண்டு. ஆனால் ஆபத்து நேரத்தில் கதவைத் திறக்க உதவும் வலிமை உள்ளவர்களுக்கே அது தரப்படும். நோயாளி, கர்ப்பிணி, உதவி தேவைப்படும் முதியவர் ஆகியோர் அங்கே அமர இயலாது. அறியாமல் பணம் கட்டினால், நுழைவாயிலில் இடம் மாற்றப்படுவீர்கள். தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையிலும் எச்சரிக்கை தேவை: கைப்பையை அடியில் வைக்க இயலாது, கைப்பிடியும் பல விமானங்களில் மேலே தூக்காது. சக்கர நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து அமர வேண்டியவருக்கு அது தடையாகும்.

யாருக்குப் பணம் வீணாகாது?

சிலருக்கு அந்த நான்கு விரற்கடை மிகப் பெரிது. முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்து, இன்னும் செங்கோணமாக மடக்க இயலாதவர், முழங்காலுக்குப் பட்டை கட்டியவர், ஆறடியைத் தாண்டியவர், வயிற்றில் நீர் கோத்து, முன் இருக்கை சாய்ந்தால் மூச்சு முட்டுபவர், சற்று முன்குனிந்து அமர்ந்தால்தான் மூச்சு எளிதாகும் நாள்பட்ட நுரையீரல் நோயாளி, முதுகெலும்பு அறுவைக்குப்பின் சாய்ந்தே இருக்க வேண்டியவர். இவர்கள் தில்லிக்கோ மும்பைக்கோ செல்வதாயின், குடும்பத்தால் இயலுமாயின், வாங்கலாம் என்றே நானும் சொல்கிறேன். சென்னைக்கும் பெங்களூருக்கும் இவர்களில் பெரும்பாலோருக்கு அது தேவைப்படாது. உடல் பருமனானவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். அகலம் கூடுவதில்லை என்று முன்பே சொன்னேன்.

வாங்குவதாயின், நோயாளிக்கும் துணைவருக்கும் சேர்த்து, பக்கத்துப் பக்கத்து இருக்கைகளாக வாங்குங்கள். இருவருக்கும் வாங்க வசதியில்லையெனில் இருவரும் சாதாரண எகானமியில் அடுத்தடுத்து அமருங்கள். நோயாளி நடைவழி ஓரம், துணைவர் நடுவில். நோயாளிக்கு மட்டும் உயர்ந்த இருக்கை, துணைவர் எங்கோ பின்னால் என்ற ஏற்பாட்டை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. தண்ணீர் குடிக்க நினைவூட்டவும், எழுப்பி நடக்க வைக்கவும், முகத்தின் மாற்றத்தைக் கண்டு பணிப்பெண்ணை அழைக்கவும் அருகில் ஒரு மனிதர் வேண்டும். முற்கூறிய பெரியவர் அடுத்த பரிசோதனைக்குச் சென்றபோது அவ்வாறே இருவரும் சாதாரண வகுப்பில் சேர்ந்து சென்றனர். "இந்த முறை அவளே அரை மணிக்கு ஒரு தரம் என்னை எழுப்பிவிட்டுவிட்டாள், உறங்கவே விடவில்லை" என்று அவர் என்னிடம் முறையிட்டார். மகிழ்ச்சியோடுதான்.

மிச்சமாகும் பணத்தை வேறு எதற்குச் செலவிடலாம்? அறுவை நாளும் பரிசோதனை நாளும் மாறிக்கொண்டே இருப்பவை. தேதி மாற்றக் கட்டணம் இல்லாத அல்லது குறைவான சீட்டு வகை, நல்ல இருக்கையைவிட நோயாளிக்குப் பெரிதும் உதவும். சிகிச்சை முடிந்த அன்றே விமானம் ஏறாமல் ஓரிரவு தங்கி ஓய்வெடுப்பதும் நல்ல செலவே.

சென்னைக்கோ வேலூருக்கோ செல்வோர் தொடர்வண்டியையும் மறந்துவிட வேண்டாம். குழித்துறையில் அனந்தபுரி விரைவு வண்டியில் ஏறி, கீழ்ப் படுக்கையில் இரவு முழுவதும் காலை நீட்டிப் படுத்துச் செல்லும் வசதியை எந்த உள்நாட்டு எகானமி இருக்கையும் தருவதில்லை. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு. உடன் செல்பவருக்கு 75 சதவீதம். மருத்துவமனைச் சான்றிதழ் வேண்டும், கேளுங்கள், தருவோம்.

புறப்படுமுன்

சக்கர நாற்காலி தேவையெனில் சீட்டு வாங்கும்போதே பதிவு செய்யுங்கள். தாமதமானாலும் 48 மணி நேரம் முன்பாவது நிறுவனத்திற்குத் தெரிவியுங்கள். உதவி தேவைப்படும் நோயாளிக்கு அதற்குக் கட்டணம் இல்லை. சில வேளைகளில் விமானத்திற்குப் படியேற வேண்டியிருக்கும். படி ஏற இயலாதவர் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். திருவனந்தபுரத்தில் இரண்டு முனையங்கள் ஓடுபாதையின் இரு பக்கங்களில் உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சாலையில் சுற்றித்தான் செல்ல வேண்டும். உங்கள் விமானம் எந்த முனையம் என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்துகள் அனைத்தும் கைப்பையில் இருக்கட்டும். இன்சுலினைப் பெரிய பொதியில் போட்டால் சரக்கறைக் குளிரில் உறைந்து கெடக்கூடும். மருந்துச் சீட்டையும் எங்கள் கடிதத்தையும் உடன் வையுங்கள்.

இருக்கையில் அமர்ந்தபின் அரை மணிக்கு ஒருமுறை குதிகாலைத் தரையில் ஊன்றி விரல்களைத் தூக்குங்கள். பின் விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். இருபது முறை போதும். தண்ணீர் குடியுங்கள், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் தங்களுக்குக் குறித்த அளவுக்குள் குடியுங்கள். இரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரினைத் தாமாக வாங்கி உண்பது வேண்டாம். இதற்கு அது பரிந்துரைக்கப்படவில்லை. அழுத்தக் காலுறை சிலருக்குப் பயன் தரும். ஆனால் காலுக்கு இரத்த ஓட்டம் குறைந்த நீரிழிவு நோயாளி அதை அணிந்தால் புண்ணாகிவிடும். கடையில் வாங்குமுன் காலை எங்களிடம் காட்டுங்கள்.

பயணம் முடிந்த நான்கு வாரங்களுக்குள் ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ சூடோ தோன்றினால், அல்லது திடீரென மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது மார்பு குத்தினாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கால் வீக்கம் மட்டுமெனில் அதனைத் தேய்க்காமல், தைலம் பூசாமல் உடனே வாருங்கள். மூச்சு வாங்கினால் 108ஐ அழையுங்கள். எந்த நாளில், எத்தனை மணி நேரம் பயணம் செய்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் எங்களுக்கு அது தெரியாமல் போகலாம்.